சத்தம் போடாமல் வரும் ஆபத்து! – தோட்ட ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் படிக்க வேண்டிய சேதி

மாமல்லபுரம்:-

ஒரே ஒரு நாள் நிம்மதியாகத் தூங்க வேண்டும். பஸ் ஹாரன் கேட்கக் கூடாது. டெலிபோன் மணி அடிக்கக் கூடாது. காலையில் குயில் கூவி எழுப்ப வேண்டும்.

சென்னையில் ஆபீசுக்கும் கடைக்கும் அலைகிற யாரைக் கேட்டாலும் ஆசை இதுதான்.

அந்த ஆசையை நம்பித்தான் செங்கல்பட்டு மாவட்டத்தில் தோட்ட ரிசார்ட்டுகள் பெருகியிருக்கின்றன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டினால் போதும். இடது பக்கம் கடல், வலது பக்கம் தோப்பு, வழியெல்லாம் போர்டு! ஜி.எஸ்.டி. ரோடு வழியாகச் செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் சுற்றி மாமல்லபுரம் வந்தாலும் அதே கதைதான்.

'பச்சைப் பசேல் தோட்டம்', 'நீச்சல் குளம்', 'கிராமத்துச் சாப்பாடு' என்று விளம்பரம் கண்ணைப் பறிக்கிறது.

போய் வந்தவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகத்தான் திரும்புகிறார்கள். மாமரத்தடி ஊஞ்சல், வாழை இலைச் சாப்பாடு, ராத்திரியில் தவளைச் சத்தம். பட்டணத்தில் இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

ஆனால் விளம்பரப் படத்தில் தெரியாத சில விஷயங்கள் இருக்கின்றன.

அமைதியான இடத்தில் ஆபத்தும் அமைதியாகத்தான் வரும். கத்தாது. கூப்பிடாது. அது எது என்று தெரிந்துகொண்டு போனால் பயமே வேண்டாம்.

விருந்தாளிகளுக்குப் பழகிய ஊர்

இந்தக் கடற்கரைக்கு விருந்தாளிகள் புதிதல்ல.

கோவளத்தில் 'பிஷர்மேன்ஸ் கோவ்' ஓட்டல் 1974-ல் வந்தது. மாமல்லபுரத்தில் மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகமே 'டெம்பிள் பே அசோக்' என்ற பெயரில் ஒரு கடற்கரை ஓட்டலை நடத்தி வந்தது. 2002-ல் அரசு ஓட்டல்கள் பல விற்கப்பட்டபோது இதுவும் தனியார் கைக்குப் போனது.

1984-ல் மாமல்லபுரத்துச் சிற்பங்களும் கோவில்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதற்குப் பிறகு வெளிநாட்டார் வருகை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஜி ஜின்பிங்கும் பிரதமர் மோடியும் இங்கே சந்தித்துப் பேசினார்கள். மோடி தங்கியது கோவளம் ஓட்டலில்தான். 12-ந் தேதி காலையில் அவர் கடற்கரையில் பிளாஸ்டிக் குப்பை பொறுக்கிய படத்தைப் பார்க்காதவர்கள் இல்லை.

2022-ல் செஸ் ஒலிம்பியாட் போட்டி. ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 180-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள் மாமல்லபுரம் வந்து ஆடினார்கள்.

பெரிய மனிதர்கள் வந்தால் பாதுகாப்புக்கு ஆயிரம் பேர் நிற்பார்கள். நம்மைப் போன்றவர்கள் போவது தோப்புக்குள் நாலு குடில், ஒரு குளம், ஒரு சமையல்காரர், ஒரு வாட்ச்மேன் என்று இருக்கும் சின்ன ரிசார்ட்டுக்கு. அங்கே நமக்கு நாமேதான் பாதுகாப்பு.

நீச்சல் குளம்: இரண்டு நிமிஷம் போதும்

ரிசார்ட்டில் காலை வைத்ததும் குழந்தைகள் ஓடுவது நீச்சல் குளத்துக்கு. பெரியவர்கள் பையைத் திறந்து துணி எடுத்து வைப்பதற்குள் பிள்ளை தண்ணீரில் இருக்கும்.

சினிமாவில் தண்ணீரில் மூழ்குகிறவர் 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க' என்று கத்துவார். கையைத் தூக்கி ஆட்டுவார்.

நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம்.

மூழ்குகிறவரின் வாய் தண்ணீருக்கு மேலே வந்து வந்து உள்ளே போகும். மூச்சு இழுக்கவே நேரம் இல்லை, கத்துவது எப்படி? கைகள் தண்ணீரைக் கீழே அமுக்கப் பார்க்குமே தவிர, மேலே தூக்கி ஆட்ட வராது. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு 'பிள்ளை விளையாடுது' என்றுதான் தோன்றும்.

ஒன்றிரண்டு நிமிஷம். அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். 2021-ல் உலகம் முழுவதும் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் நாலில் ஒருவர் 5 வயது கூட நிரம்பாத குழந்தை.

'பத்துப் பேர் கூடவே இருந்தோமே, எப்படி நடந்தது?' என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். பத்துப் பேர் இருந்ததுதான் காரணம். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று தம்பி நினைப்பார். மாமா இருக்கிறாரே என்று அத்தை நினைப்பார். கடைசியில் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு பெரியவரை 'இப்போது உன் முறை' என்று பெயர் சொல்லி நிறுத்துங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். முறையில் இருப்பவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. அரட்டை கூடாது. குடித்திருக்கவே கூடாது.

குளத்தில் இறங்கும் முன் அடித்தளம் தெரிகிறதா என்று பாருங்கள். கீழே பதித்த டைல்ஸ் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் கலங்கியிருந்தால், உள்ளே மூழ்கிய பிள்ளையும் தெரியாது. அந்தக் குளமே வேண்டாம்.

ஆழம் எத்தனை அடி என்று கரையில் எழுதியிருக்க வேண்டும். மிதவை டியூபும் நீளமான கழியும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ராத்திரியில் குளத்துக்குப் போகும் கேட்டைப் பூட்ட வேண்டும்.

மழை நாளில் தோட்டத்து விளக்குக் கம்பத்தையும் குளத்து விளக்கையும் தொடாதீர்கள். ஈரத்தில் கரண்டு பாய்ந்தால் யாராலும் காப்பாற்ற முடியாது.

யாராவது மூழ்கிவிட்டால்? நீச்சல் தெரியாதவர் குதிக்க வேண்டாம். கழியை நீட்டுங்கள், டியூபை வீசுங்கள்.

கரைக்குக் கொண்டு வந்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள். சிலர் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள். இரண்டும் தப்பு! மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் உடனே 108-க்குப் போன் போட வேண்டும்.

கடல்: அலை இல்லாத இடம் மோசம்

சாயங்காலம் ஆனால் எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்புவார்கள்.

அலை பலமாக அடிக்கும் இடத்தைப் பார்த்தால் பயம் வரும். நடுவில் ஒரு இடம் மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கறுத்த தண்ணீராக, அமைதியாக இருக்கும். 'இங்கே இறங்கலாம்' என்று தோன்றும்.

அதுதான் எமன்!

கரைக்கு வந்து மோதிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும் அல்லவா? அந்த வழி அதுதான். வாய்க்கால் மாதிரி ஒடுங்கி, கடலை நோக்கி வேகமாகப் பாயும். ஒலிம்பிக்கில் மெடல் வாங்கிய நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்திக் கரைக்கு வர முடியாது.

சிக்கியவர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று அதை நோக்கி நீந்துவார்கள். நீந்தி நீந்திக் களைத்துப்போய் மூழ்குவார்கள்.

இந்த இழுப்பு ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் இழுக்கும். பதறாமல் மிதந்தால் பாதி தப்பித்த மாதிரி. கரையை நோக்கிப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இழுப்பு விட்டதும் அலையோடு அலையாகக் கரைக்கு வரலாம். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

படித்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள்.

2024 மே 6-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அத்தனை பேரும் பயிற்சி டாக்டர்கள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கடலைப் பார்க்கப் போனவர்கள்.

அப்போது புயல் கிடையாது. ஆனால் எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பிய அலைகள் கரையில் வந்து சீறும் என்று ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் எச்சரித்திருந்தது. சத்தமில்லாமல் வந்து ஏமாற்றுவதால் இதற்குக் கேரள மீனவர்கள் வைத்த பெயர் 'கள்ளக்கடல்'.

நம் பக்கத்துக் கடலும் லேசுப்பட்டதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அலையின் கோபமே தனி. கடலில் இறங்கும் முன் பக்கத்துக் குப்பத்து மீனவர் ஒருவரைக் கேளுங்கள். 'இங்கே இறங்கலாமா அண்ணே?' என்று ஒரு வார்த்தை. அவருக்குத் தெரிந்தது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

'பிரைவேட் பீச்' என்று சில இடங்களில் சொல்வார்கள். கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை. 1991-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பிலேயே, இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவில் 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும், பொதுமக்கள் கடலுக்குப் போக வழி வேண்டும் என்று எழுதியிருந்தது.

கூட்டம் இல்லாத கரை என்றால் காப்பாற்றவும் ஆள் இல்லாத கரை என்று அர்த்தம். கோவளம் கடற்கரைக்கு 2021-ல் 'நீலக் கொடி' சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்கான விதிகளில் உயிர்காக்கும் ஆட்களும் கருவிகளும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் அப்படி ஆள் நிற்கிற கரைக்குப் போவது நல்லது.

தோட்டத்துக்கு வரும் இன்னொரு விருந்தாளி

பச்சைப் பசேல் என்று தோட்டம் இருந்தால் எலி இருக்கும், தவளை இருக்கும். அவை இருந்தால் பாம்பும் இருக்கும்.

இது ரிசார்ட்டுக்காரர் குற்றம் இல்லை. தோட்டம் என்றால் அப்படித்தான்.

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர். அம்மாடியோவ்!

பெரும்பாலான சாவுக்குக் காரணம் நாலு வகைப் பாம்புகள்: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன்.

இதில் கட்டுவிரியன் ராத்திரியில் உலாவும். தரையில் படுத்துத் தூங்குகிறவர் பக்கத்தில் வந்துவிடும். கடித்தால் வலியே தெரியாது. பல் பட்ட அடையாளம் கூடச் சரியாக இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள், கண் இமை தொங்கும், பேச்சுக் குழறும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நேரம் போய்விடும்.

ஆகவே 'காற்று ஜில்லுன்னு வருது' என்று குடிலின் திண்ணையிலோ புல்தரையிலோ பாய் விரித்துப் படுக்காதீர்கள். ராத்திரி வெளியே போனால் டார்ச் லைட் வேண்டும். ஷூவை உதறிப் போடுங்கள். விறகு, ஓடு, செங்கல் குவித்த இடத்தில் குழந்தைகள் கையை விட வேண்டாம்.

கடித்துவிட்டால் கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். பாம்பைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை, காலை அசைக்காமல், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

அந்த மருந்துக்கான விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நீங்கள் காரில் போகிற அதே ரோட்டில் இருந்துதான்!

மாமல்லபுரத்துக்கு முன்னால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறதே, அது 1976-ல் தொடங்கியது. அந்த வளாகத்திலேயே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம் இயங்குகிறது. 1978-ல் ஆரம்பித்தது. இருளர்கள் காட்டிலும் வயலிலும் பாம்பைப் பிடித்து வந்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதிக்கு இவர்கள் எடுக்கும் விஷம்தான் மூலம்.

இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் மாவட்டத்துக்காரர்கள். முதலை பார்க்கப் போகும்போது இந்தச் சங்கத்தையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

கார் சாவியும் பில்லும்

உயிருக்கு அடுத்தது பணம். அதுவும் சத்தமில்லாமல்தான் போகும்.

விளம்பரத்தில் ஒரு ரேட், பில்லில் ஒரு ரேட் என்று புலம்புகிறவர்கள் பலர். முதலில் வரியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22-ந் தேதியில் இருந்து, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 4 ஆயிரம் ரூபாய் ரூம் என்றால் வரி 200 ரூபாய். இதற்கு மேல் வாடகையில் வரி போட்டிருந்தால் 'எப்படி?' என்று கேட்கலாம்.

'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அது அரசாங்க வரி அல்ல. சாப்பாட்டு பில்லில் அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவு போட்டது. அந்த உத்தரவு சரிதான் என்று 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் தீர்ப்பு சொன்னது. மனசுக்குப் பிடித்தால் ரூம் பாய்க்கு டிப்ஸ் கொடுங்கள். பில்லில் சேர்த்தால் எடுக்கச் சொல்லுங்கள். தகராறு என்றால் 1915-க்குப் போன் செய்யலாம்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. உட்கார இடமும் பரிமாற ஆளும் கொடுக்கிற ஓட்டல்கள் பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் சொல்லிவிட்டது. ஆகவே விலைப் பட்டியலை முதலிலேயே கேட்டு வாங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது கார்.

'கார் நிறுத்துவது உங்கள் சொந்தப் பொறுப்பு' என்று சீட்டில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

1998-ல் டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனவர் கார் சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்தார். ராத்திரி திரும்பி வந்து கேட்டால் காரைக் காணோம்! யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வழக்கு 21 வருஷம் நடந்தது. 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது: சாவியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு, சீட்டில் அச்சடித்த ஒரு வரியைக் காட்டி ஓட்டல் தப்பிக்க முடியாது. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாமல் கார் திருட்டுப் போனால் ஓட்டல்தான் பொறுப்பு.

ஆகவே சாவி கொடுத்தால் சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கிராமத்துக்கும் சத்தம் உண்டு

அமைதி வேண்டும் என்று காசு கொடுத்துப் போகிறோம். அங்கே போனால் பக்கத்துத் தோட்டத்தில் 'டும் டும்' என்று பாட்டு! விருந்தாளிகள் சொல்லும் புகார்களில் இது முக்கியமானது.

ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. 2000-ம் ஆண்டில் வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதி இது. அதை மீறினால் போலீசுக்கு 100 அல்லது 112-ல் சொல்லலாம்.

ஆனால் ஒரு விஷயம். கிராமம் என்பது சினிமா செட் இல்லை. ஆடி மாதம் அம்மன் கோவிலில் கூழ் வார்த்தால் மைக் செட் கட்டுவார்கள். விடியற்காலையில் சேவல் கூவும். பம்ப் செட் ஓடும். அதைக் கேட்டுக் கோபப்படுகிறவர்கள் திருவிழா தேதியை விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

ஊர்க்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வார நாளெல்லாம் வயலிலும் கடலிலும் உழைத்துவிட்டு அவர்கள் படுக்கிற நேரத்தில், பட்டணத்துக்காரர்கள் காரில் பாட்டைப் போட்டு ஆடினால் அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது? கோழி எலும்பும் பாட்டிலும் வாய்க்காலில் மிதந்தால் யார் பொறுக்குவது?

தண்ணீரும் அப்படித்தான். கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீருக்கு மேல் பாரம் ஏற ஏற, உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ரிசார்ட் குழாயில் சோப்பு நுரைக்கவில்லை என்று நாம் ஒரு நாள் முணுமுணுக்கிறோம். அந்தத் தண்ணீரை ஊர்க்காரர்கள் வருஷம் முழுவதும் குடிக்க வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை கடல் ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டை போடும். குஞ்சுகள் பொரித்து வெளியே வரும்போது, வெளிச்சம் தெரிகிற பக்கத்தைக் கடல் என்று நினைத்து ரோட்டுக்குப் போய்ச் செத்துவிடும். கடலைப் பார்த்த விளக்கை அணைத்தால் கரண்டு மிச்சம், குஞ்சும் பிழைக்கும்.

வேடந்தாங்கல் சொல்லும் பாடம்

விருந்தாளியை எப்படி வைத்துக்கொள்வது என்று கற்றுக்கொள்ள வேறெங்கும் போக வேண்டாம். மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல் இருக்கிறது.

அந்த ஊர் ஏரிக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு எழுதிக் கொடுத்தார்.

பறவைகள் பயந்து ஓடக் கூடாது என்று அந்த ஊரில் தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். வந்தவர்களுக்கு அமைதி, ஊருக்கு விளைச்சல்.

200 வருஷத்துக்கும் மேலாக ஒரு கிராமம் இதைச் செய்கிறது என்றால், வாடகை வாங்குகிற ரிசார்ட்டும், வாடகை கொடுக்கிற நாமும் ஒரு ராத்திரிக்குச் செய்ய முடியாதா?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள்

படத்தைப் பார்த்து மயங்கி உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். போன் போட்டு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?

2. குளத்தின் ஆழம் எவ்வளவு? குழந்தைகளுக்குத் தனிக் குளம் உண்டா?

3. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி? ராத்திரியில் வண்டி கிடைக்குமா?

4. தோட்டத்துப் பாதையில் விளக்கு உண்டா? கதவுக்குக் கீழே இடைவெளி இல்லாமல் அடைத்திருக்கிறதா?

5. வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு? போக முடியாவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா? பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

6. அன்றைக்குக் கல்யாணம், கச்சேரி, கம்பெனிப் பார்ட்டி ஏதாவது நடக்கிறதா?

ஒழுங்காக நடத்துகிறவர் ஆறு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நீங்க வாங்க' என்று மழுப்பினால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்டில் போர்டுக்கா பஞ்சம்?

பத்து நிமிஷப் போன் பேச்சுதான் செலவு. போன குடும்பம் அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு வீடு திரும்ப வேண்டும். அதற்கு இந்தச் செலவு தகும்.